ஏடு பெயர்த்தலும் கோப்பு பெயர்த்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1990களின் இறுதியில் கணிப்பொறியில் தட்டச்சிட்டு வைத்த கவிதைக் கோப்பு ஒன்றை இன்று புதிய பொறியில் திறக்கும் கவிஞர் எதைக் காண்கிறார்? பெரும்பாலும் தம் கவிதையை அன்று. அக்கோப்பு 'பாமினி' எழுத்துருவில் எழுதப்பட்டிருந்து, அந்த எழுத்துரு புதிய பொறியில் இல்லாமற்போனால், 'தமிழ்' என்று அவர் எழுதிய இடத்தில் ஜே, கே, பி, ஓ எனும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கவிதை முழுவதும் அவ்வாறே பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்தவர்கள் உண்டு. உண்மையில் கோப்புக்கு ஒரு கேடும் நேரவில்லை. அதில் தொடக்கத்திலிருந்தே இருந்தது அந்த நான்கு எழுத்துகளும் அரைப்புள்ளியுமே. தமிழ் அதில் ஒருநாளும் இருந்ததில்லை.

இது கவிஞர்க்குச் சற்று அதிர்ச்சி தரும் செய்திதான். கணிப்பொறி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாக வைத்துக்கொள்கிறது. ஓர் எண்ணைக் கண்டதும் திரையில் என்ன வடிவத்தைக் காட்டவேண்டும் என்பதை எழுத்துரு சொல்கிறது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கிலத்தின் 'ஜே'க்கு உரிய எண்ணில் தகரத்தின் படத்தையும், 'கே'க்கு உரிய எண்ணில் மகரத்தின் படத்தையும் வைத்தன. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஈழத்தமிழர் இதழ்களும், புலம்பெயர்ந்த நாடுகளின் மலர்களும், நூல்களும் ஆண்டுக்கணக்கில் அவ்வாறு அச்சேறின. அன்று வேறு வழி இருக்கவில்லை. எனவே அதைச் செய்தவர்களைக் குறை கூறுதல் நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் அந்தக் கோப்புகளில் சேமிக்கப்பட்டது எழுத்தின் தோற்றத்தைக் காட்டுவதற்கான குறி மட்டுமே, எழுத்து அன்று. தோற்றத்தைத் தந்த எழுத்துரு நீங்கியதும் எழுத்தும் நீங்கிற்று. இவ்வுரையில் சொல்லப்படுவன யாவும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே அமைவன.

தமிழுக்கு இச்சிக்கல் புதிதன்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவாய் நின்றன. நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ஆகவே ஏட்டில் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒன்றே. தீயா நீரா என்பதைப் பாட்டின் பொருள்தான் சொல்லவேண்டும். 'கர' என்பதும் 'கா' என்பதும் ஒன்றே. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகளில் உள்ளதைப் பார்த்து எழுதிய வெறும் படியாளர் அல்லர். ஒவ்வொரு சொல்லிலும் இது எந்த எழுத்து என்று தீர்மானித்தவர். ஏடு தந்தது வடிவம். அவரும் அவரைப் போன்றோரும் அதிலிருந்து எழுத்தை மீட்டனர். அவர்களின் இலக்கணப் பயிற்சியும், யாப்பறிவும், பல ஏடுகளை ஒப்புநோக்கும் பொறுமையுமே அந்த மீட்பின் கருவிகள்.

ஓலைக்கு ஆயுள் உண்டு. பூச்சி அரிக்கும், நுனி முறியும், ஓரம் பொடியும். ஆகவே ஏடு பழுதாகுமுன் வேறு ஏட்டில் பெயர்த்தெழுதுவது வழக்கமாயிருந்தது. சங்க நூல்கள் இன்றுவரை வந்தது எந்த ஓலையும் ஈராயிரம் ஆண்டு நிலைத்ததால் அன்று. பெயர்த்தெழுதும் கை இடையறாமல் இருந்ததால்தான். கை எங்கே ஓய்ந்ததோ அங்கே நூல் மறைந்தது. கணிப்பொறிக் கோப்பின் ஆயுளோ ஓலையினும் மிகக் குறுகியது.

ஆங்கிலத்திற்கே நேர்ந்தவற்றைச் சிறிது காணலாம். 1978இல் வெளிவந்த வேர்டுஸ்டார் எனும் சொற்செயலி உலகெங்கும் எழுத்தாளர்களின் முதற் கணிப்பொறிக் கருவியாக விளங்கிற்று. ஆங்கிலத்திற்கு வேண்டிய குறிகளை ஏழு இருமத் துகள்களுக்குள் அடக்கிவிடலாம்; எட்டாவது துகள் வெறுமனே இருந்தது. வேர்டுஸ்டார் அதைத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டு, வரிகளைச் சீராக நிரவுவதற்காக ஒவ்வொரு சொல்லின் இறுதி எழுத்திலும் அந்தத் துகளை இயக்கி வைத்தது. அந்தக் கோப்பை வேறொரு மென்பொருளில் நேரடியாகத் திறந்தவர்கள், சொல்தோறும் கடைசி எழுத்து மட்டும் விநோதக் குறியாக மாறியிருப்பதைக் கண்டனர். கவிதையில் இயைபு சொல்லின் இறுதியில்தான் இருக்கிறது. சிதைந்ததும் அந்த இடமே.

ரால்ஃப் எல்லிசன் எனும் அமெரிக்க நாவலாசிரியர் 1980களின் தொடக்கத்தில் கணிப்பொறிக்கு மாறினார். தம் இரண்டாவது நாவலை முடிக்காமலே 1994இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்றவற்றுள் கணிப்பொறி வட்டுகள் எண்பதுக்கு மேல். ஒரே நிகழ்ச்சிக்குப் பல கோப்புகள். எது முந்தியது, எது முடிவானது என்பதற்கு அவர் குறிப்பு வைக்கவில்லை. அவற்றையும் தாளில் இருந்தவற்றையும் ஒப்புநோக்கி முழுத் தொகுப்பாக வெளியிட 2010 ஆயிற்று. பதினாறு ஆண்டுகள்! அங்கே பல்கலைக்கழகங்களும் நூலகமும் துணை நின்றன. கோப்புகளும் ஆங்கிலத்திலேயே இருந்தன.

சொற்செயலிகளை விற்கும் நிறுவனங்கள் புதிய பதிப்பு வெளியிடும்போதெல்லாம் பழைய கோப்புகளும் திறக்கும் என்று உறுதி கூறுவதுண்டு. அந்த உறுதியில் உண்மையும் உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. மைக்ரோசாஃப்டின் வேர்டு 97, தனக்கு முந்திய வேர்டு 95இன் கோப்பை எளிதில் திறந்தது. ஆனால் வேர்டு 97இல் எழுதியதை வேர்டு 95 வைத்திருப்பவர் திறக்க முடியவில்லை. பழைய வடிவில் சேமிக்கலாம் என்று தரப்பட்ட வசதியும் முதலில் உண்மையான பழைய வடிவில் சேமிக்கவில்லை. ஆர்டிஎஃப் எனும் வேறொரு வடிவில் எழுதி, பழைய பெயரொட்டை மட்டும் சூட்டியது. கூச்சல் எழுந்த பிறகே சரியான மாற்றி வந்தது. ஓர் அலுவலகத்தில் ஒருவர் புதிய பதிப்பை வாங்கினால் எல்லாரும் வாங்கவேண்டி வருவது இதனால்தான். இது வாணிகத்துக்கு நல்லது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2007 செப்டம்பரில் ஆபீஸ் 2003க்கு வந்த ஒரு திருத்தத் தொகுப்பு இன்னும் ஒரு படி சென்றது. பாதுகாப்புக் காரணம் காட்டி, மிகப் பழைய வேர்டு பதிப்புகளின் கோப்புகளைத் திறக்காமலே தடுத்தது. நேற்றுவரை திறந்த கோப்பு இன்று திறவாது. அடுத்த ஆண்டு சனவரியில் எதிர்ப்பின் விளைவாகத் தடையை நீக்கிக்கொள்ளும் எளிய வழியை நிறுவனமே வெளியிட்டது. அதற்கு அடுத்த மாதம் பழைய கோப்பு வடிவங்களின் உள்ளமைப்பு விவரமும் பொதுவில் வைக்கப்பட்டது. இது பெரிய உதவி. பூட்டைச் செய்தவரே சாவியின் வரைபடத்தைத் தந்தாற்போன்றது. இன்று வேறு மென்பொருள்கள் அக்கோப்புகளைத் திறப்பது எளிதானதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆபீஸ் 2007இல் வந்த புதிய கோப்பு வடிவம் 2008இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் விளக்கம் ஆறாயிரம் பக்கங்களுக்கு மேல். அந்தப் பக்கங்களுக்குள் விந்தையான சில கட்டளைகள் உள்ளன. 'வேர்டு 95 போல இடைவெளி விடு' என்பது ஒன்று. 'வேர்டு 6 போல வரி மடி' என்பது மற்றொன்று. பழைய பதிப்புகளில் இருந்த பழக்கங்களை, அவை பிழையாயினும், புதிய பதிப்பு நினைவில் வைத்துக்கொண்டு நடிக்கவேண்டும் என்பதே இவற்றின் பொருள். முதல் வரைவில், வேர்டு 95 எப்படித்தான் இடைவெளி விட்டது என்ற விளக்கமே இல்லை. அந்த மென்பொருளைப் பார்த்து அதைப்போலச் செய்க என்ற அளவில் விட்டிருந்தனர். குறை எடுத்துரைக்கப்பட்ட பின்னரே விளக்கம் சேர்ந்தது. இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் உரையாசிரியர்கள் ஒரு பாடபேதத்தை நீக்காமல், 'இங்ஙனம் பாடமோதுவாரும் உளர்' என்று குறித்து வைத்ததும் இதே பேணும் குணத்தால்தான். பழையதைப் பிழையென்று தள்ளிவிட்டால் அதை நம்பி எழுதியவன் வரி உடைந்துபோகும்.

இனித் தமிழுக்கு வரலாம். பாமினி, மயிலை, முரசு அஞ்சல் என எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண் வரிசை கொண்டிருந்த காலத்தில், சென்னையில் ஒருவர் எழுதியது சிங்கப்பூரில் ஒருவர்க்குப் படிக்கக் கிடைக்க வேண்டுமாயின் இருவரிடமும் ஒரே எழுத்துரு இருக்கவேண்டும். இதைத் தீர்க்கப் பல நாடுகளின் தமிழர்கள் மின்னஞ்சல் வழி விவாதித்து 'டிஸ்கி' எனும் தரத்தை உருவாக்கினர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கித் தந்தபோது அத்தரத்திலும் தந்தது. பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு 'டாம்', 'டாப்' எனும் இரு குறியேற்றங்களையும் ஒரு விசைப்பலகையையும் ஏற்றது. 2010இல் யூனிகோடும் 'டேஸ் 16' எனும் குறியேற்றமும் அரசின் தரங்களாயின. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தனை மாற்றம்! ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முந்திய வடிவில் இருந்த கோப்புகள் யாரோ ஒருவர் வந்து பெயர்த்தெழுதக் காத்துக் கிடந்தன. பல இன்னும் கிடக்கின்றன.

யூனிகோடு 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்தது. அதன் அமைப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. உயிர்மெய்க்குத் தனி எண் இல்லாமை தமிழ் இலக்கண நோக்கில் குறையே என்போர் வாதத்தில் வலு இருக்கிறது. எனினும் கவிஞர் அறியவேண்டிய சிறப்பு ஒன்று அதில் உள்ளது. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகள் பழைய இடத்திலிருந்து புதிய இடத்திற்குப் பெயர்க்கப்பட்டன; பழைய கொரியக் கோப்புகள் பொருளிழந்தன. அந்த அனுபவத்திற்குப் பின், ஒருமுறை எண் பெற்ற எழுத்தின் எண் இனி ஒருபோதும் மாற்றப்படாது என்ற உறுதி தரப்பட்டது. 'அ' எனும் எழுத்துக்கு இன்று உள்ள எண்ணே என்றும் இருக்கும். மேலும் அந்த எண் 'அ' எனும் எழுத்தைக் குறிக்கிறதேயன்றி, அதன் எந்த ஒரு வடிவத்தையும் அன்று. 1978இல் அரசாணை வழி எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது லை, ணை முதலியவற்றின் பழைய துதிக்கை வடிவம் போய்ப் புது வடிவம் வந்தது. யூனிகோடில் உள்ள கோப்பு எதையும் மாற்றாமலே, பழைய வடிவ எழுத்துருவை அணிவித்தால் அதே கவிதை 1950களின் நூல்போலத் தோன்றும். புதியதை அணிவித்தால் இன்றைய நூல்போலத் தோன்றும். உடை மாறும்; ஆள் அவரே.

பழைய கோப்பை மாற்றி எனும் மென்பொருளில் இட்டால் நொடியில் யூனிகோடு ஆகிவிடுமே, இதில் துன்பம் என்ன என்று கேட்கலாம். ஏட்டுச் சுவடியின் ரகரமும் காலும் இங்கே வேறுருவில் மீண்டும் வருகின்றன. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்குத் தனியிடம் இருக்கவில்லை. கொம்பை இட்டு, மெய்யை இட்டு, பின்னே ளகரத்தை இட்டால் கண்ணுக்கு ஔகாரமாகவே தெரியும். அச்சுக்கு அது போதும். ஆனால் கோப்பில் இருப்பது ளகரம். 'மௌனம்' எனும் சொல்லை மாற்றி பெயர்த்தெழுதும்போது, எகரம் ஏறிய மகரமும் அதன் பின் தனி ளகரமும் கொண்ட நான்கெழுத்துச் சொல் ஒன்று பிறக்கிறது. திரையில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. வாய்விட்டுப் படிக்கும் பொறி அதை 'மெ-ள-னம்' என்றே படிக்கும். தேடினால் கிடைக்காது. அலகிட்டால் அசை பிழைக்கும். ஔவையும் இவ்வாறே ஒகரமும் ளகரமுமாய்ப் பிரிந்து கிடக்கிறாள். சிறுகதையாசிரியர் மௌனியின் பெயரைச் சரியாகத் தட்டித் தேடுவோர்க்கு, ளகரம் இட்டு எழுதிய கட்டுரைகள் அகப்படாமலே போகும். புதுக்கவிதை மிகுதியாக ஆண்ட சொற்களுள் ஒன்றான மௌனத்துக்கே இக்கதி நேர்ந்ததை என்னென்பது!

எல்லா ளகரத்தையும் ஔகாரமாக்கிவிடலாமெனில், 'வௌவால்' திருந்தும், 'வெளி' கெடும். ளகரத்தின் மேல் வேறு குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்றுக எனும் விதி பெரும்பாலும் பொருந்துகிறது. நல்ல மாற்றிகள் அதைக் கையாளுகின்றன, பல கையாளவில்லை. 'ஸ்ரீ' எனும் எழுத்துக்கும் இப்போது இரு வழிகள் உள்ளன: பழைய கோப்புகளில் ஸகரத்தின் வழியாக எழுதியது ஒன்று, 2005இல் தனியெழுத்தொன்று சேர்க்கப்பட்ட பின் அதன் வழியாக எழுதுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு வேறு வேறு.

கொம்பின் இடம் பற்றியும் ஒரு சொல். கையால் எழுதும்போது கொம்பு முன்னே, மெய் பின்னே. பழைய எழுத்துருக்கள் அவ்வாறே கண்ட வரிசையில் சேமித்தன. யூனிகோடு ஒலிக்கும் வரிசையில், மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாகச் சேமிக்கிறது. மாற்றி இவ்விரண்டையும் இடம் மாற்றவேண்டும். சொல் நடுவே வரி உடைத்து எழுதிய கவிதைகளில், கொம்பு ஒரு வரியிலும் மெய் அடுத்த வரியிலுமாகத் தட்டச்சிட்டிருந்தால் மாற்றி திகைத்துப்போகும். எழுத்துகளைப் படிகள்போல இறக்கியும் சிதறியும் காட்டிய கவிதைகளைப் பெயர்ப்போர் இதை நினைவிற்கொள்வது நலம்.

எழுத்து சரியானாலும் அடி சரியாக வேண்டும். உரைநடையில் வரி எங்கே மடிகிறது என்பது யாருக்கும் பொருட்டன்று. கவிதையில் அதுவே உயிர். தட்டச்சின்போது அடியின் இறுதியில் விசையை அழுத்தி அடுத்த வரிக்குச் சென்றிருந்தால் அந்த முறிவு கோப்பில் பதிந்திருக்கும். தாளின் அகலம் முடிந்து தானாக மடிந்ததைக் கண்டு, அடி அமைந்துவிட்டது என்று விட்டிருந்தால், முறிவு கோப்பில் எங்கும் இல்லை. புதிய பதிப்பில், சற்று அகலமான எழுத்துருவில் திறந்தவுடன் அடிகள் வேறிடத்தில் ஒடியும். உள்தள்ளலை வெற்றிட விசையைப் பலமுறை தட்டி அமைத்தவர்களுக்கும் இதே நிலை. வெண்பா எழுதுவோர் ஓரளவு தப்பினர். சீரும் தளையும் அடியைக் காட்டிக்கொடுக்கும். யாப்பு இல்லாத கவிதைக்கு அச்சுப் புத்தகமே சாட்சி.

அச்சுப் புத்தகம் எனும்போது, அச்சுக்கூடங்களில் உறங்கும் கோப்புகள் நினைவுக்கு வரவேண்டும். 1990களிலும் அதன் பின்னும் தமிழ்நாட்டில் கவிதை நூல்கள் பெரும்பாலும் பேஜ்மேக்கர் எனும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாயின. அதன் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதை வெளியிட்ட அடோபியின் இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 வரையிலான பதிப்புகளே பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பின் வந்தவை திறவா. பேஜ்மேக்கர் காலத்தில் பரவலாயிருந்த 'டைப் 1' வகை எழுத்துருக்களையும் அந்நிறுவனத்தின் மென்பொருள்கள் 2023 சனவரியோடு ஏற்பதை நிறுத்திக்கொண்டன. லிப்ரே ஆபீஸ் எனும் விலையில்லா மென்பொருள் 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளை ஓரளவு திறக்கிறது. பக்க அழகு குலையலாம், சொற்கள் கிடைத்துவிடும்.

இதில் கவிஞர்க்கு என்ன என்று எண்ணவேண்டாம். மெய்ப்புத் திருத்தம் எங்கே நடந்தது? கவிஞர் வீட்டில் தட்டச்சிட்ட கோப்பு அச்சகம் சென்றது. அங்கே பக்கமாக்கிய பின் தாளில் எடுத்து, கவிஞர் சிவப்பு மையால் ஒரு சொல்லை நீக்கினார், ஓர் அடியைச் சேர்த்தார், ஒரு தலைப்பை மாற்றினார். அந்தத் திருத்தங்கள் ஏறியது பேஜ்மேக்கர் கோப்பில். கவிஞர் வீட்டில் இருப்பதோ திருந்தாத முதல் வடிவம். அவர் மறைந்தபின், கையில் கிடைத்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றி 'முழுத் தொகுப்பு' வெளியிடுவோர், கவிஞர் தாமே நீக்கிய சொற்களை மீண்டும் அவர் வாயில் வைக்கின்றனர். பாடபேதம் என்பது சங்க நூலுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய இடம் இது. முப்பதாண்டுக்கு முந்திய கவிதைக்கும் பிரதிபேதம் உண்டு.

ஆகவே பெயர்ப்பு வேலையில் இறங்குவோர் முதலில் பழைய கோப்பை அப்படியே ஒரு படி எடுத்துத் தனியே வைக்கவேண்டும். அதன்மேல் சேமித்துவிட்டால் திரும்ப வழியில்லை. அது எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதைக் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதி, அந்த எழுத்துருவையும் உடன் வைக்கவேண்டும். எழுத்துருப் பெயர் தெரியாத கோப்பு தலைப்பேடு இழந்த சுவடிக்கு ஒப்பானது. பழைய பொறி இன்னும் இயங்குமாயின், அதிலேயே திறந்து தாளில் அச்செடுத்துக்கொள்வது வேறெந்த உபாயத்தினும் மேலானது. நெகிழ்வட்டுகளில் இருப்பவற்றை முதலில் எடுக்கவேண்டும்; அவற்றைப் பெரிய அளவில் செய்துவந்த சோனி நிறுவனமே 2011இல் விற்பனையை நிறுத்திவிட்டது, படிக்கும் கருவியும் அரிதாகிவிட்டது. மாற்றிய பின், எந்தச் சொற்செயலியின் அலங்காரமும் இல்லாத வெறும் யூனிகோடு உரையாகவும் ஒரு படி வைத்தல் நன்று. அதைத் திறக்கக் குறிப்பிட்ட எந்த மென்பொருளின் தயவும் வேண்டுவதில்லை.

இவை அனைத்தையும் கணிப்பொறி கற்ற இளைஞர் ஒருவர் செய்துவிடலாம். அடுத்து வரும் வேலையை அவர் தனித்துச் செய்ய இயலாது. மாற்றிய உரையை அச்சு நூலோடு வைத்து ஒருவர் படிக்க ஒருவர் பார்த்து, ளகரமா ஔகாரமா, இந்த அடி இங்கேதான் முறிகிறதா, இந்த இடைவெளி கவிஞர் விட்டதா தட்டச்சர் விட்டதா என்று தீர்மானிப்பதற்குக் கவிதை தெரிந்தவர் வேண்டும்; இயன்றால் கவிஞரே வேண்டும். முற்காலத்தில் ஏட்டை ஒருவர் படிக்க மற்றவர் எழுதினர். இங்கும் இருவர் தேவை.

வட்டத்தின் உறுப்பினர்களுள் 1990களில் நூல் வெளியிட்டோர் இருக்கின்றனர். அவர்களின் அலமாரியில் வட்டுகள் இருக்கின்றன. பரணில் பழைய பொறி இருக்கிறது. வெள்ளையடிக்கும்போது அது பழைய இரும்புக் கடைக்குச் செல்லும் பட்டியலில் முதலில் இடம்பெறுகிறது. வட்டத்தின் மாதக் கூட்டங்களில் ஒன்றைக் கவிதை வாசிப்புக்கு மாறாக இந்த ஒப்புநோக்கலுக்கு ஒதுக்கினால், ஒரு மாலையில் ஒரு சிறு தொகுப்பைச் சரிபார்த்துவிடலாம். தொடங்குவதாயின் வயதில் மூத்த கவிஞரின் வட்டிலிருந்து தொடங்கவேண்டும். எந்தத் திருத்தத்தை மெய்ப்பில் செய்தார் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும்.